விசில் ஊதியவர் கழுத்தில் கிடந்த செயின்

கேள்வி

வணக்கம் அம்மா,

எனக்கு 20 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிறேன். எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு நான்தான் கேப்டன். பத்து நாளாகச் சரியான தூக்கம் இல்லை. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஊட்டியில் கல்லூரிகளுக்கு இடையிலான ஃபைனல் நடந்தது. எதிரணி, எங்களோடு எப்போதும் முட்டிக்கொள்ளும் ஒரு கல்லூரி. கிறிஸ்தவ நிர்வாகம் நடத்துவது. இரண்டு வருடமாக அவர்களிடம்தான் தோற்கிறோம். இந்தத் தடவை விடக் கூடாது என்று காலை ஆறு மணிக்கே, விரல் மரத்துப்போகிற குளிரில் பிராக்டிஸ் பண்ணினோம். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருந்தது. அவர்கள் ஒரு கோல் முன்னால். எங்களுக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது, நான்தான் அடித்தேன். பந்து மேல் கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு உள்ளே விழுந்து, வெளியே துள்ளி வந்தது. சத்தியமாகக் கோல். நாங்கள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடவே ஆரம்பித்துவிட்டோம். ரெஃப்ரி ஆட்டத்தைத் தொடரச் சொல்லிக் கையை ஆட்டினார். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கவில்லை. மேகம் இறங்கியிருந்தது உண்மை. ஆனால் கம்பம் தெரியாத அளவுக்கு இல்லை. எங்கள் ஜூனியர் பெண் கார்னர் பக்கத்து மேட்டில் நின்று எடுத்த வீடியோ இருக்கிறது. கோட்டுக்கும் பந்துக்கும் நடுவில் புல் தெரிகிறது.

தோற்றுவிட்டோம். கடைசி விசில் அடித்ததும் நான் ரெஃப்ரியிடம் ஓடினேன். ஓடியாடியதில் அவர் சட்டைக்குள் கிடந்த செயின் வெளியே வந்திருந்தது. சிலுவை. எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. "உங்க ஆளுங்களுக்குத்தானே விசில் ஊதுவீங்க, அரிசி மூட்டைக்கு மதம் மாறின கூட்டம்தானே" என்று கத்திவிட்டேன். கூட நின்ற நாலைந்து பேரும் அதையே பிடித்துக்கொண்டு கத்தினார்கள்.

எங்கள் கோல்கீப்பர் எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளும் கிறிஸ்தவப் பெண். முதல் வருடத்திலிருந்து என் உயிர்த்தோழி. ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாலும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாக்கெட் வர்க்கியைப் பிரித்து டீயில் நனைத்துச் சாப்பிடுவோம். அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வாள், நான் விபூதி பூசிக்கொள்வேன். அன்றைக்கு அவள் ஒன்றும் பேசவில்லை. கிளவுஸை ஒவ்வொரு விரலாகக் கழற்றி, நான் அவளுக்குப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த கிளவுஸ் அது, பெஞ்சில் வைத்துவிட்டுப் போனாள்.

தொட்டபெட்டா வழியாகத் திரும்பும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உன்னைச் சொல்லலடி, அவங்களத்தான் சொன்னேன்" என்றேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டு, "எங்க பாட்டி ரேஷன் கடை கியூவுல நின்னு வாங்கின அரிசியத்தான் நாங்க சாப்பிட்டோம். யாரும் மூட்டையாத் தூக்கிக் குடுக்கல" என்றாள். அவள் பாட்டி சாஸ்திரி ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்தவர். அம்மா இப்போதும் கொழுந்து பறிக்கப் போகிறார். மறுநாள் அவள் பி.டி. மேடத்திடம் முட்டி வலி என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு கிரவுண்டுக்கு வரவே இல்லை.

இப்போது பெட்டிஷன் வேறு. எங்கள் பெண்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு புகார் எழுதியிருக்கிறார்கள். "நடுவர் மத அடிப்படையில் ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டார்" என்று அதில் ஒரு வரி. வெள்ளிக்கிழமைக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். மேட்ச் அன்று இரவே நான் வீடியோவோடு "விசிலுக்கும் மதம் உண்டு" என்று ஸ்டேட்டஸ் போட்டேன். பதிலுக்கு அந்தக் கல்லூரிப் பெண்கள் எங்கள் விபூதியைக் கிண்டல் செய்து போட்டார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். செமிஃபைனலையும் அதே ரெஃப்ரிதான் நடத்தினார். அன்று எங்களுக்கு ஒரு பெனால்டி கொடுத்தார், அதில்தான் ஜெயித்தோம். ஆனால் அன்று எதிரில் இருந்தது அந்தக் கல்லூரி இல்லையே.

தப்பு செய்தது ரெஃப்ரி. அப்படியிருக்க நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு மனது சொல்கிறது. அவள் இல்லாமல் வர்க்கி இறங்க மாட்டேன் என்கிறது. கையெழுத்துப் போடட்டுமா?

- கோத்தகிரி வாசகி

பதில்

அன்பு மகளுக்கு,

"சத்தியமாகக் கோல்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். பக்கத்து வீட்டுப் பையனின் கால்பந்தை வாங்கிவந்து, வாசலில் சாக்பீஸால் கோடு போட்டு, பந்தைக் கோட்டுக்கு அப்பால் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தேன். பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டினால்தான் கோல் என்பது விதி. கேப்டனான உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் நான் கண்ணால் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பந்தின் குறுக்களவு ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். அது தரையைத் தொடும் இடத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் நாலு விரல் இடம் விட்டு வைத்தேன். குனிந்து பார்த்தால் இடைவெளி பளிச்சென்று தெரிகிறது. நேர் மேலிருந்து பார்த்தால் பந்தின் வயிறு கோட்டின் மேல்தான் நிற்கிறது. அதாவது, கோல் இல்லை. போதாததற்கு, பந்து தரையிலிருந்து கொஞ்சம் எழும்பி இருந்தால், மைதானத்துப் பக்கத்து மேட்டிலிருந்து பார்ப்பவருக்கு அது இருக்கும் இடத்தைவிட உள்ளே தள்ளித்தான் தெரியும்.

உங்கள் பந்து கோலாகவும் இருந்திருக்கலாம். இல்லை என்று சொல்ல நான் யார்? அந்த வீடியோவை வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

சரி, கோல்தான் என்றே வைத்துக்கொள்வோம். 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் ஃபிராங்க் லம்பார்ட் அடித்த பந்தும் இதே மாதிரிதான். கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு உள்ளே நன்றாகவே விழுந்து, வெளியே வந்தது. டிவியில் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. உருகுவே நாட்டு நடுவருக்கும் லைன்ஸ்மேனுக்கும் தெரியவில்லை. உலகத்தின் தேர்ந்த நடுவர்கள் நல்ல வெளிச்சத்தில் நின்று விட்ட பந்து அது. கோட்டைத் தாண்டியதைக் காட்டும் கருவி 2014 உலகக் கோப்பையில் வந்துவிட்டது. நம் ஊட்டி மைதானத்தில் மேகம் இறங்கிய சாயங்காலத்தில் ஒரு மனிதருக்கு இருப்பது இரண்டு கண்தான்.

இப்போது நீங்கள் மறைக்காமல் சொன்ன அந்த விஷயத்துக்கு வருகிறேன். அதை எழுதியதற்காகவே உங்கள்மேல் எனக்கு நம்பிக்கை. செமிஃபைனலிலும் அதே மனிதர், அதே கழுத்து. பெனால்டி கொடுத்தபோது அந்தச் செயின் ஏன் கண்ணில் படவில்லை? எதிரில் அந்தக் கல்லூரி இல்லை என்கிறீர்கள். எனக்குத் தோன்றுவது வேறு. அன்று உங்களுக்குக் காரணம் தேவைப்படவில்லை. ஜெயித்தவர்கள் நடுவரின் கழுத்தைப் பார்ப்பதில்லை. தோற்றவர்களுக்குத்தான் அந்த வலியை எங்கேயாவது கொண்டுபோய் மாட்ட ஒரு ஆணி வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அந்தச் சிலுவை ஆணியாகிவிட்டது.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 1951இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரண்டு கல்லூரிகள் மோதிய ஓர் ஆட்டம். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அவர்கள் ஊர் ஃபுட்பால். பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது, டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. இரண்டு பக்கமும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுக்கொண்டார்கள். ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படத்தை இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் செய்ததாக அந்தக் கல்லூரி மாணவர்களே எண்ணியதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். ஒரே படம். யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் விஷயம். 1954இல் வெளியான இந்த ஆய்வை உளவியல் வகுப்புகளில் இன்றும் சொல்கிறோம். உங்கள் கண்ணும் பொய் சொல்லவில்லை, மகளே. ஆனால் அது உங்கள் அணியின் ஜெர்சி போட்ட கண்.

கோல் விஷயத்தில் உங்கள் கோபத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த வார்த்தை? அது கோபத்தில் பிறந்ததில்லை. கோபத்துக்கு ஒரு நொடியில் அரிசி மூட்டையை யோசித்துக் கண்டுபிடிக்க நேரம் கிடையாது. ஏற்கெனவே எங்கோ கேட்டு உள்ளே கிடந்ததுதான் வாயில் வந்தது. வீட்டு வாட்ஸ்அப் குரூப்பா, சொந்தக்காரர் யாராவது டீ குடித்துக்கொண்டே சிரித்தபடி சொன்னதா? முதலில் எங்கே கேட்டீர்கள் என்று யோசித்து எழுதிப் பாருங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும். அவர்கள் விபூதியைக் கிண்டல் செய்ததும் கேவலம்தான். அதற்கு அவர்கள் பதில் சொல்லட்டும்.

அந்த வார்த்தை உங்கள் தோழி வீட்டில் போய் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதன் பிறகு, தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் கொழுந்து பறித்த லட்சக்கணக்கானவர்கள் இங்கே கப்பலேறி வந்தார்கள். அவர்களுக்கு வேலை தரவென்றே 1968இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அட்டை பிடுங்கும் மலையில் புதிதாகக் காடு திருத்திச் செடி வைத்தவர்கள் அவர்கள். அங்கே இந்தியாக்காரர்கள் என்றார்கள், இங்கே சிலோன்காரர்கள் என்றார்கள். அப்படி வந்த ஒரு கிழவி ரேஷன் கியூவில் நின்று வாங்கிய அரிசியில் வளர்ந்த பேத்தியிடம், சோற்றுக்கு விலைபோனவர்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். அவள் சாமி கும்பிடுவதை மட்டும் நீங்கள் தொடவில்லை. பாட்டியின் உழைப்பையும் சேர்த்துத் தொட்டுவிட்டீர்கள். அவள் பஸ்ஸில் சொன்ன அந்த இரண்டு வரியில் எல்லாமே இருக்கிறது.

"உன்னைச் சொல்லல, அவங்களத்தான் சொன்னேன்" என்றது அதைவிட வலித்திருக்கும். அவள் அப்பா, அம்மா, பாட்டி எல்லோரும் அந்த "அவங்க"தானே? நீ மட்டும் விதிவிலக்கு என்று ஒருவரிடம் சொன்னால், உன் வீட்டாரை விட்டு இந்தப் பக்கம் வா என்று சொல்வதாகத்தான் காதில் விழும்.

மன்னிப்புக் கேளுங்கள். குரூப்பில் வேண்டாம், அணியைக் கூட்டிக்கொண்டும் போக வேண்டாம். தனியாக அவள் வீட்டுக்குப் போங்கள். என்ன சொன்னீர்களோ அந்த வார்த்தையையே சொல்லி, அது தப்பு என்று சொல்லுங்கள். அந்தப் பேச்சில் கோலைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரக் கூடாது. "ரெஃப்ரி அப்படிப் பண்ணினதால" என்று ஆரம்பித்தால் அங்கேயே எல்லாம் கெட்டுவிடும். அவள் உடனே கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்க்காதீர்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். பேசாமல் இருந்தால், திரும்பி வந்து இன்னொரு நாள் போங்கள். ரெஃப்ரிக்கும் போட்டி நடத்தியவர்கள் மூலமாக நாலு வரி எழுதி அனுப்புங்கள். அந்த ஸ்டேட்டஸ் இருபத்து நாலு மணி நேரத்தில் மறைந்திருக்கும், பார்த்தவர்கள் மனதில் மறைந்திருக்காது. அதே இடத்தில், "நான் எழுதியது தவறு" என்று இன்னொன்று போடுங்கள்.

இனி பெட்டிஷன். அந்த வரி இருக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். கோல் விழுந்ததா இல்லையா என்பதில் ரெஃப்ரி சொல்வதே இறுதி என்பது ஆட்டத்தின் விதி. ஆகவே கோப்பை திரும்பி வரும் என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கலாம். எத்தனையாவது நிமிடம், பந்து எங்கே விழுந்தது, லைன்ஸ்மேன் எங்கே நின்றார் என்று எழுதி, வீடியோவையும் இணையுங்கள். ஃபைனலுக்காவது மாவட்டத்துக்கு வெளியிலிருந்து நடுவர் வேண்டும், கோல் கோட்டருகே கூடுதலாக ஒருவரை நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். நடுவர் அந்தக் கல்லூரியில் படித்தவரா, அங்கே சம்பளம் வாங்குகிறவரா என்பது நியாயமான கேள்வி. தயங்காமல் எழுதுங்கள். அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்பதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

உங்கள் பெண்கள் முணுமுணுப்பார்கள். நீங்கள் கேப்டன் என்பதால்தான் சொல்கிறேன். 2021 அக்டோபரில் துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா தோற்றபோது, முகமது ஷமியை மதத்தைச் சொல்லி இணையத்தில் வசைபாடினார்கள். அணியே மோசமாகத் தோற்ற ஆட்டம் அது, பத்து விக்கெட் வித்தியாசம். அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் கேப்டன் கோலி செய்தியாளர்கள் முன் உட்கார்ந்து, மதத்தை வைத்து ஒருவரைத் தாக்குவதைவிடக் கேவலம் இல்லை என்கிற மாதிரி வெளிப்படையாகச் சொன்னார். அதற்காக அவரையும் இணையத்தில் ஏசினார்கள். உங்கள் கிரவுண்டில் நீங்கள் முதலில் கத்தியதால்தான் மற்றவர்களும் கத்தினார்கள். நிறுத்துவதையும் நீங்கள்தான் முதலில் செய்தாக வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எல்லோரையும் உட்கார வைத்து, அந்த வரியை ஏன் அடிக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு அடியுங்கள்.

கடைசியாக, அந்த முட்டி வலி. அவள் நினைத்திருந்தால் பி.டி. மேடத்திடம் நடந்ததை அப்படியே சொல்லியிருக்கலாம். உங்கள் கேப்டன் பதவியே போயிருக்கும். அவ்வளவு காயத்திலும் உங்களைக் காட்டிக் கொடுக்காமல் தன் முட்டிமேல் பழியைப் போட்டுக்கொண்டாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவள் சரி என்றால், மேடத்திடம் நீங்களே போய் உண்மையைச் சொல்லுங்கள். பெஞ்சில் கிடந்த கிளவுஸை எடுத்து வைத்திருக்கிறீர்களா? இருந்தால் மண்ணைத் தட்டித் துடைத்து வையுங்கள். அவள் வீட்டுக்குப் போகிற அன்று கொண்டுபோக வேண்டாம். அவளாகக் கேட்கும்போது கொடுங்கள்.