மகளின் பயிற்சி வேலைக்கு 3,500 ராண்ட் கட்டலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "என் மகள் பி.ஏ. மூன்றாம் ஆண்டு. வரலாறும் ஊடகமும் எடுத்திருக்கிறாள். தமிழ் வாசிப்பாள். இந்த ஆண்டு 16 கிரெடிட் பாடம் ஒன்றுக்காக ஓரிடத்தில் பயிற்சி வேலை செய்ய வேண்டுமாம். தெரிந்தவர் மூலம் ஒரு ஏஜென்ட் வந்தார். 3,500 ராண்ட் பதிவுக் கட்டணம் கட்டினால் டர்பன் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் ஆறு மாதம் முழுநேர இடம் வாங்கித் தருகிறாராம். சீட்டா (SETA) அமைப்பில் பதிவு செய்த நிறுவனம் என்கிறார். ஒப்பந்தத்தில் 'வாலண்டியர்' என்று போட்டிருக்கிறது, ஆனால் மாதம் 1,500 ராண்ட் கொடுப்பார்களாம். ஐடி நகலும் வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?"

கட்டாதீர்கள், அம்மா. கடைசி நாள் என்று அவசரப்படுத்தினால் இன்னும் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் 2014ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் இருக்கிறது. வேலை தேடுபவரிடம், வேலை பிடித்துத் தருவதற்காக யாரும் கட்டணம் வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. பதிவுக் கட்டணம், ஃபைல் கட்டணம், சீருடைக் காசு என்று எந்தப் பெயர் வைத்தாலும் அதே கதைதான். வேலை கொடுக்கும் நிறுவனமே அந்தப் பணத்தைக் கேட்டாலும் தப்பு. அதை அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம் தடுக்கிறது. ஆக, அந்த 3,500 ராண்டை ஏஜென்டும் வாங்க முடியாது, அலுவலகமும் வாங்க முடியாது.

பதினேழு ஆண்டுகள் மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்பும் வேலையைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு அவளுடைய பாட்டி தன் பென்ஷன் பணத்தில் கட்டணம் கட்டியிருந்தார். 'ஊடக நிறுவனம்' என்று சொல்லி அனுப்பிய இடத்தில் இரண்டு டெலிபோன்கள்தான் இருந்தன. நாள் முழுக்க வேறு மாணவர்களுக்குப் போன் செய்து, அவர்களையும் பணம் கட்ட வைப்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. லாக்புக்கில் (தினசரி வேலைப் பதிவேட்டில்) கையெழுத்துப் போட்டவருக்கு ஊடகத்தில் ஒரு நாள் அனுபவம்கூட இல்லை. பல்கலைக்கழகத் துறை அதை ஏற்கவில்லை. பாடத்தை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அன்று அவளை எச்சரிக்காமல் விட்டது நாங்கள்தான். யாராவது வந்து கேட்டால் சொல்வோம் என்று உட்கார்ந்திருந்தோம். அது இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

இனி உங்கள் மகளின் கணக்கைப் பார்ப்போம். இங்கே ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு. 16 கிரெடிட் பாடத்துக்கு 160 மணி நேரம். அதில் வேலை இடத்தில் இருக்கும் நேரம் மட்டுமல்ல, லாக்புக் எழுதுவது, கடைசி அறிக்கை தயாரிப்பது எல்லாம் அடக்கம். ஆறு மாதம் முழுநேரம் என்றால் வாரம் 40 மணி வீதம் ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டிவிடும். 160 மணி நேரப் பாடத்துக்கு எதற்கு ஆயிரம் மணி நேரம்? மற்ற பாடங்களை எப்போது படிப்பாள்? ஏஜென்ட் விற்பது உங்கள் மகளுக்குத் தேவையான பயிற்சி இல்லை. யாருக்கோ ஆறு மாதத்துக்கு மலிவாக ஒரு ஆள் தேவை, அவ்வளவுதான்.

கலைப் பட்டத்தில் பயிற்சி வேலை பல இடங்களில் விருப்பப் பாடம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பயிற்சி போல எல்லோருக்கும் கட்டாயம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். துறையின் பாடக் கையேட்டில் அந்தப் பக்கத்தை மகளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை, யார் மதிப்பெண் போடுவது என்று அதில் இருக்கும். மாணவி, பல்கலைக்கழகம், இடம் கொடுக்கும் நிறுவனம் என்று மூன்று பேர் கையெழுத்துப் போடுவதுதான் முறை. நான்காவதாக ஒருவர் நடுவில் வந்தால், அவர் எதற்கு என்று கேட்டே ஆக வேண்டும்.

'சீட்டாவில் பதிவு' என்ற பேச்சில்தான் நம் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறார்கள். சீட்டா என்பது தொழில்துறை வாரியாகத் திறன் பயிற்சியைக் கவனிக்கும் அமைப்பு. 1998ஆம் ஆண்டு திறன் வளர்ச்சிச் சட்டத்தின் கீழ் வந்தது. அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஆண்டுச் சம்பளச் செலவு 5 லட்சம் ராண்டைத் தாண்டும் நிறுவனங்கள் அந்தச் செலவில் 1 சதவீதத்தைத் திறன் வரியாகக் கட்டுகின்றன. மாணவரைப் பயிற்றுவிக்கும் பணம் முதலாளிகளிடமிருந்து ஏற்கெனவே வந்துவிட்டது. பிறகு பாட்டியின் பென்ஷனில் ஏன் கை வைக்க வேண்டும்? அந்தப் பணம் மாணவரிடம் வந்து சேருவதற்குள் எத்தனை படிவம், எத்தனை ஒப்புதல், எத்தனை மாதக் காத்திருப்பு! பிப்ரவரியில் தொடங்கிய பிள்ளைக்கு ஜூனில் முதல் ஸ்டைபெண்ட் (உதவித்தொகை) வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். டாக்ஸிக்குக் காசில்லாமல் பாதியில் நின்றவர்களும் உண்டு. அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் வந்து உட்காருகிறான். நம் நிர்வாகம் மெத்தனமாக இருக்கும்வரை அவனுக்கு வியாபாரம் நடக்கும் என்று எழுதவே எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது 'வாலண்டியர்' என்ற வார்த்தை. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதில்தான் சூட்சுமம்.

குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அப்போது மணிக்கு 20 ராண்ட், 2025 மார்ச்சில் 28.79 ராண்ட். பணம் வாங்காமல் மனமுவந்து உழைக்கும் வாலண்டியருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அந்த விலக்கு நியாயமானது. கோயில் திருவிழாவில் சாப்பாடு பரிமாறுபவருக்கு மணிக்கணக்கில் கூலி கேட்க முடியாது. பாடத்துக்காக 160 மணி நேரம் சம்பளமில்லாமல் ஓர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வதும் பொதுவாக இந்த வகையில்தான் சேரும். அதில் தப்பில்லை.

ஆனால் உங்கள் மகளுக்கு மாதம் 1,500 ராண்ட் தருவதாகச் சொல்கிறார்கள். அது எதற்கு? பஸ், டாக்ஸிக்கு அவள் செலவழித்ததைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் அது போக்குவரத்துக் காசு. அதை வாங்கினாலும் அவள் வாலண்டியர்தான். அவள் எவ்வளவு செலவழித்தாள் என்று கேட்காமல், வேலைக்கு வந்தாயா என்று மட்டும் பார்த்து, மாதக் கடைசியில் ஒரே தொகையாகக் கொடுத்தால் அது உழைப்புக்குக் கொடுக்கும் பணம். உழைப்புக்குப் பணம் வந்துவிட்டால், பேப்பரில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவள் தொழிலாளி. வாரம் 40 மணி என்றால் மாதம் சுமார் 173 மணி நேரம். 2025ஆம் ஆண்டின் 28.79 ராண்ட் வீதம் பார்த்தாலே கிட்டத்தட்ட 4,980 ராண்ட் வர வேண்டும். 1,500 எங்கே, 4,980 எங்கே? இன்ன நேரத்துக்கு வா, இன்ன வேலையை இப்படிச் செய், எங்கள் கம்ப்யூட்டரில் செய், வேறு எங்கும் போகாதே என்று சொல்வார்களானால் அதுவும் அவள் ஊழியர் என்பதற்கே சாட்சி. 'வாலண்டியர்' என்ற அந்த ஒரு வார்த்தைக்குக் கீழே அவளைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். தொகை எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால் அதுவே பதில். (லேர்னர்ஷிப் எனப்படும் தொழிற்பயிற்சி ஒப்பந்தம் என்றால் உதவித்தொகைக் கணக்கு வேறு. உங்கள் மகளுடையது அது இல்லை.)

ஏற்கெனவே இப்படி வேலை செய்து குறைந்தபட்ச ஊதியம் வராதவர்கள் சிசிஎம்ஏ என்ற சமரச ஆணையத்தில் மனுப் போடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

சரி, நல்ல இடம் எங்கே? மகள் வரலாறு படிக்கிறாள், தமிழும் வாசிக்கிறாள். இந்த ஊரில் அது எவ்வளவு பெரிய சொத்து என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், சாதி எல்லாம் ஆங்கிலக் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. முனுசாமி மூன்சாமி ஆனதும், கவுண்டர் கோவெண்டர் ஆனதும் இப்படி எழுதி எழுதித்தான். கோணிய எழுத்தைப் பார்த்ததும் எந்த ஊர், எந்தப் பெயர் என்று தமிழ் தெரிந்த பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும். குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுதூலி ஆவண மையம் இருக்கிறது. நகரத்தில் 1860 பாரம்பரிய மையம் இருக்கிறது. இடம் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது, ஆனால் கேட்பதற்குக் காசு இல்லை. துறை ஒருங்கிணைப்பாளரின் கடிதத்தோடு, "160 மணி நேரம், வாரம் இரண்டு நாள், தமிழ் வாசிப்பேன், இந்த வேலையைச் செய்து தர முடியும்" என்று அரைப் பக்கத்தில் மகளே எழுதி அனுப்பட்டும். நீங்கள் போன் செய்ய வேண்டாம்.

பத்திரிகை, வானொலி பக்கம் போனால் ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். ஊழியராக இல்லாமல் எழுதிய கட்டுரையின் காப்புரிமை எழுதியவருடையது. எழுத்து மூலம் விட்டுக்கொடுத்தால்தான் அது கை மாறும். 'எல்லா உரிமையும் நிறுவனத்துக்கே' என்ற வரி இருந்தால், தன் வேலையை மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்ட அனுமதி உண்டு என்று சேர்க்கச் சொல்லட்டும்.

கடைசியாக அந்த ஐடி நகல். இதைச் சாதாரணமாக விடாதீர்கள். இளைஞரை வேலைக்கு எடுத்தால் நிறுவனத்துக்கு வரிச் சலுகை கிடைக்கும் திட்டம் 2014 முதல் இருக்கிறது. மாணவர்களைக் காகிதத்தில் ஊழியராகக் காட்டி அந்தச் சலுகையைச் சிலர் தின்றதால், பிறகு சட்டத்தையே இறுக்க வேண்டியிருந்தது. நகலைத் திருப்பிக் கேட்டு, இனி என் தகவலைப் பயன்படுத்தக் கூடாது என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பி, அந்தச் செய்தியைப் பத்திரமாக வையுங்கள். மகள் பெயரில் ஆண்டுக்கு ஒரு கடன் அறிக்கை (அவள் பெயரில் உள்ள கடன்களின் விவரம்) இலவசமாகக் கிடைக்கும், அதை இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் அவள் ஐடி எண்ணுக்கு இலவசமாகவே பாதுகாப்புப் பதிவு போடலாம். அதையும் வெள்ளிக்கிழமைக்கு முன் முடித்துவிடுங்கள்.