எந்தத் தம்ளரில் எதைக் குடிப்பது?

கேள்வி: புது வீட்டுக்குக் குடிபோகிறோம். வருகிறவர்களுக்குக் காப்பி, டீ, ஜூஸ், மோர் எல்லாம் கொடுக்க ஒரே மாதிரி கண்ணாடித் தம்ளர் இரண்டு டஜன் வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். சரிப்படுமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: சரிப்படாது. காப்பிக்குக் கண்ணாடியே வேண்டாம். எவர்சில்வர் டபரா செட் வாங்குங்கள். ஃபில்டர் காப்பியை ஆற்றாமல் கொடுத்தால் நுரையும் வராது, நாக்கும் பொத்துப்போகும். கடையில் தம்ளரின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் நன்றாக வளைந்திருக்க வேண்டும். கொதிக்கும் காப்பியை அந்த விளிம்பைப் பிடித்துத்தான் தூக்குகிறோம். பித்தளை டபரா அழகுதான். உட்புறம் வெள்ளீயம் பூசியிருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் அலமாரிக்கு மட்டும்தான் ஆகும்.

டீக்கு 100 முதல் 150 மில்லி பிடிக்கிற சிறிய கிளாஸ் போதும். டீக்கடையில் இருக்கிற பட்டை போட்ட கிளாஸை வீட்டில் வைக்கச் சிலர் கூச்சப்படுகிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்த டீ கிளாஸ் கிடையாது. அடி கனமாக இருப்பதால் எளிதில் சாயாது, பட்டை இருப்பதால் கையில் வழுக்காது. விளிம்பில் ஒரு விரற்கடை இடம் விட்டு ஊற்றினால் சுடாமல் பிடிக்கலாம். பால் கூடிவிட்டதா என்பது குடிப்பதற்கு முன்பே நிறத்தில் தெரிந்துவிடும்.

ஜூஸுக்கும் சர்பத்துக்கும் 250 மில்லி அளவில் நேரான கிளாஸ். சோடா கலந்து கொடுப்பதானால் உயரமாக, ஒடுக்கமாக எடுங்கள். மேற்பரப்பு குறைவாக இருப்பதால் வாயு மெதுவாகத்தான் வெளியேறும். ஜிகர்தண்டாவுக்கு நேர்மாறு: வாய் அகலமாக இல்லாவிட்டால் அடியில் கிடக்கும் கடல்பாசியைக் கரண்டியால் எடுக்க முடியாது. மோருக்கு எவர்சில்வரே மேல். கண்ணாடியில் குடித்து வைத்தால் உட்புறமெங்கும் வெள்ளைத் திட்டு படிந்து பார்க்கச் சகிக்காது.

ஆக, ஒரு டஜன் டீ கிளாஸ், அரை டஜன் ஜூஸ் கிளாஸ், மிச்சப் பணத்துக்கு எவர்சில்வர் என்று கணவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கனமான கண்ணாடித் தம்ளர் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன். வெந்நீர் ஊற்றியதும் விரிசல் விட்டுவிட்டது. பழைய மெல்லிய தம்ளரோ தாங்குகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (வாசகர், ஈரோடு)

பதில்: அவரைத் திட்டுவதற்கு முன் கண்ணாடியின் கனத்தைக் கவனியுங்கள். சூடு பட்டதும் உட்புறம் விரிகிறது. கனமான கண்ணாடியில் அந்தச் சூடு வெளிப்புறத்துக்குப் போய்ச் சேர நேரமாகும். உள்ளே விரிந்து, வெளியே விரியாமல் நிற்கிற அந்த இழுபறியில்தான் கீறல் விழுகிறது. கனம் கீழே விழுந்தால் ஓரளவு காப்பாற்றும், சூட்டிலிருந்து காப்பாற்றாது. டீக்கடைகளில் கிளாஸை வெந்நீரில் அலசிவிட்டு உடனே டீ ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தத்தோடு இதற்கும் அது உதவுகிறது.

சூடான பானத்துக்கு என்றே வாங்குவதானால் பெட்டியில் 'போரோசிலிகேட்' என்று இருக்கிறதா பாருங்கள். சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அது விரியும். அதற்காக ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கொதிநீரை ஊற்றிச் சோதிக்க வேண்டாம். 'டஃபன்டு' என்று விற்பது வேறு வகை. வலு அதிகம், உடைந்தால் நீளமான கூரிய சில்லுகளாக இல்லாமல் சிறுசிறு துண்டுகளாக நொறுங்கும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

கேள்வி: பரிசாக வந்த லெட் கிரிஸ்டல் கிளாஸில் எலுமிச்சை ஜூஸ் குடிக்கலாமா? (வாசகி, கோவை)

பதில்: வேண்டாம். அந்தப் பளபளப்புக்குக் காரணமே அதில் சேர்த்திருக்கும் காரீயம்தான். 24 சதவீதமும் அதற்கு மேலும் ஈய ஆக்சைடு இருக்கும். புளிப்புப் பட்டால் அது கசியும். ஷோகேஸில் வைத்து அழகு பாருங்கள்.

கேள்வி: ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய கண்ணாடித் தம்ளர்கள் இறுகிக்கொண்டன. எப்படிப் பிரிப்பது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மேல் தம்ளருக்குள் குளிர்ந்த நீரை ஊற்றி, கீழ்த் தம்ளரை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் நிறுத்துங்கள். உள்ளே இருப்பது சற்றே சுருங்க, வெளியே இருப்பது விரிய, மெல்லத் திருகினால் கழன்றுவிடும். நீர் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் போதும், கொதிநீர் கூடாது.