ஏற்றத்தை விடுங்கள், இறக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, நான் கிளிநொச்சி. 150 சிசி பைக், ஏழு வருசமாக ஓடுகிறேன், ஆனால் மலை வீதியில் ஒரு நாளும் ஓடியதில்லை. மனைவியையும் ஏற்றிக்கொண்டு கண்டி, கம்பளை வழியாக நுவரெலியா போக ஆசை. மேலே எஞ்சின் இழுக்காது, மூச்சு முட்டும் என்று கூட்டாளிகள் பயம் காட்டுகிறார்கள். எந்த மாதம் போகலாம்?

பதில்: மூச்சு முட்டாது தம்பி. உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேதான் ஆரம்பிக்கும், எங்கள் நாட்டின் உச்சியான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான், நுவரெலியா நகரம் 1,868. எஞ்சின் விசயத்தில் அவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அந்தளவுக்கு இழுவையும் குறையும். கார்புரேட்டர் வண்டியென்றால் பெற்றோல் கூடிப்போய் பிளக்கில் கரி பிடிக்கலாம். இரண்டு நாள் பயணத்துக்காக கார்புரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றத் தேவையில்லை, எயார் பில்டரைத் துப்பரவு செய்து, முன்கூட்டியே ஒரு கியர் குறைத்து ஏறினால் இருவரையும் அது தாராளமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

நான் பயப்படுவது நீங்கள் திரும்பி வரும் நாளை நினைத்துத்தான். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை, புசல்லாவை என்று வீதி இறங்கிக்கொண்டே இருக்கும், சமதரையில் ஓடிப் பழகிய கை கால்கள் பிரேக்கை விடவே விடாது. இளவயதில் பெற்றோல் மிச்சம் பிடிக்கலாம் என்று நானும் தம்பியும் அதே இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி வந்தோம். பாதி வழியில் கருகிய வாசம் வந்தது, அப்புறம் காலால் எவ்வளவு அழுத்தியும் பின் பிரேக் பிடிக்கவில்லை. தேயிலைப் பக்கம் இருந்த மண்மேட்டில் மோதி நின்றோம், மறுபக்கம் பள்ளம். இன்றைக்கும் அந்த வளைவுக்கு வந்தால் என் கை தானாகக் கிளச்சுக்குப் போகிறது.

அதனால் எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில், தேவைப்பட்டால் இன்னும் ஒன்று குறைத்து இறங்குங்கள். வேகத்தை எஞ்சின் பிடித்து வைத்திருக்கட்டும், பிரேக்கை வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே பிடித்து விட்டுவிடுங்கள். சூடாகிவிட்டால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது. பிரேக் ஒயில் பழையதென்றால் கிளிநொச்சியிலேயே மாற்றிவிட்டு வாருங்கள், ஈரம் ஏறிய ஒயில் சூட்டில் கொதித்து லீவரைச் செத்துப்போக வைக்கும். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது அதன் உள்பக்கம் நுழையாதீர்கள், பின் சில்லு உங்கள் மேல்தான் வரும்.

ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம், ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியா நெரிசல். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்கு மழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி மழை, மண்சரிவுப் பயமும் உண்டு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். ஒன்றும் ஆகாது, ஆனாலும் 1990 அம்புலன்ஸ் நம்பரை மனைவியின் போனிலும் போட்டு வையுங்கள்.

கேள்வி: லடாக் போக வேண்டும் என்பது என் கனவு. மலையகத்தில் ஓடிப் பழகினால் போதுமா? (வாசகர், மட்டக்களப்பு)

பதில்: வளைவும் இறக்கமும் இங்கே பழகலாம், உயரத்தை இங்கே பழக முடியாது. லடாக்கில் உள்ள கர்துங் லா கணவாய் 5,359 மீற்றர், அங்கே காற்று கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். லே நகரமே 3,500 மீற்றர் அளவில் இருக்கிறது, அங்கே இறங்கியதும் இரண்டு நாளாவது சும்மா இருந்து உடம்பைப் பழக்குங்கள். தலையிடி கூடினால் மேலே போகாமல் கீழே இறங்கிவிட வேண்டும், வைராக்கியம் காட்டுகிற இடமில்லை அது.

கேள்வி: லீவு நாட்களில் பைக் கூட்டம் எங்கள் லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒட்டிய வீதியில் பறக்கிறது. இதைப் பற்றியும் எழுதுங்கள். (வாசகி, தலவாக்கலை)

பதில்: நீங்கள் எழுதியது நல்லது அக்கா. சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு அது அழகான வீதி, உங்களுக்கு அது வாசல். கொழுந்து மூட்டையோடு பெண்கள் கடப்பதும், பந்து உருண்டால் பிள்ளை பின்னால் ஓடி வருவதும் அங்கேதான். நடைபாதை கிடையாது, ஒதுங்க இடமும் இல்லை. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் ஒரே விபத்தில் ஏழு உயிர் போனது, அந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் அதை மறக்கவில்லை. தம்பிமாரே, லயம் கண்ணில் பட்டதும் இரண்டாம் கியருக்கு வாருங்கள், வளைவில் ஹோர்ன் அடியுங்கள். வார நாளில் வந்தால், ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் வீதி முழுக்க வெள்ளை உடுப்புப் பிள்ளைகள்தான். அந்த அரை மணித்தியாலம் ஏதாவது ஒரு கடையில் நிறுத்தி பிளேன்டீ குடித்துவிட்டுப் போங்கள்.