குழுவில் எல்லோரும் 50 எம்எம் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் கேனன் 1500டி கேமராவும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் இருக்கின்றன. நான் இருக்கும் போட்டோகிராபி வாட்ஸ்அப் குழுவில் யாரைக் கேட்டாலும் "கிட் லென்ஸை மூட்டை கட்டு, 50 எம்எம் எஃப் 1.8 வாங்கு" என்கிறார்கள். வீட்டு விசேஷம், குழந்தை, கொஞ்சம் தெருக்காட்சி, இவைதான் நான் எடுப்பவை. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் ஒரு வாரம் பொறுங்கள். அதுவரை குழுவில் வரும் படங்களை ரசியுங்கள், அவற்றை வைத்து லென்ஸை எடை போட வேண்டாம்.

முதலில் அந்த லென்ஸுக்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கிட் லென்ஸை 55 எம்எம்முக்கு ஜூம் செய்தால் அதன் துவாரம் (அபெர்ச்சர்) எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும். இது 1.8 வரை திறக்கும். கணக்குப் போட்டால் ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வருகிறது. ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் திறனை, 3200-இல் வைத்துப் புள்ளி புள்ளியாக எடுத்த படத்தை இதில் 400-லேயே எடுத்துவிடலாம். விளக்கு வைத்த பிறகு வீட்டுக்குள் ஓடும் குழந்தையை எடுப்பவருக்கு இது சாதாரண வித்தியாசம் இல்லை.

சரி, அப்புறம் எதற்குப் பொறுக்கச் சொல்கிறேன்? உங்கள் வீட்டு ஹாலின் நீளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. 1500டி-யின் சென்சார் சிறியது, 1.6 கிராப், அதாவது பெரிய ஃபுல் ஃபிரேம் சென்சாரைவிடக் காட்சியை 1.6 மடங்கு நெருக்கமாகக் காட்டும். அதில் 50 எம்எம் போட்டால் ஃபுல் ஃபிரேமில் 80 போட்ட பார்வைதான் கிடைக்கும். நின்றுகொண்டிருக்கும் ஒருவரைத் தலை முதல் கால் வரை நெடுக்குவாக்கில் எடுக்க, நீங்கள் சுமார் 4 மீட்டர், அதாவது 13 அடி தள்ளி நிற்க வேண்டும். வளைகாப்பில் நாலு பேர் சுற்றி நின்று வளையல் போடும்போது அவ்வளவு பேரையும் அடக்க இன்னும் பின்னால் போக வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பின்னால் சுவர்தான் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே வேறு தொல்லை: வீடியோக்காரர் உங்களுக்கு முன்னால் வந்து நிற்பார்.

இன்னொன்று, 1.8-இல் ஒரு மீட்டர் தூரத்தில் முகத்தை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. குழந்தை தலையைக் கொஞ்சம் திருப்பினால் ஒரு கண் பளிச், மறு கண் மங்கல். 2.8-க்கு இறக்கி எடுக்கப் பழகினால்தான் இந்த லென்ஸின் அருமை தெரியும். கிட் லென்ஸில் இருக்கும் நடுக்கம் தாங்கும் ஐஎஸ் வசதியும் இதில் கிடையாது. ஷட்டர் வேகத்தை 1/100 வினாடிக்குக் கீழே இறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும் குழந்தைக்கு அதுவும் போதாது, 1/250-ஆவது வேண்டும்.

இப்போது குழு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு நெடுநாளாக இருக்கும் ஆதங்கம் இது. உங்கள் கேமரா எடுப்பது 24 மெகாபிக்சல் படம், 6000-க்கு 4000. அதை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 24-இல் 2 மெகாபிக்சல்கூட மிஞ்சாது. அந்த அளவில், ஒரு கைபேசித் திரையில் பார்த்தால், கிட் லென்ஸும் லட்ச ரூபாய் லென்ஸும் கூர்மையில் ஒன்றுபோலத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரிவது பின்னணி மங்கல் ஒன்றுதான். அதனால்தான் குழுவில் பின்னணி மங்கிய பொக்கே படத்துக்கு இதயமாகக் கொட்டுகிறது, எஃப் 8-இல் அழகாக எடுத்த தெருப் படத்துக்கு ஒரு கட்டைவிரலோடு முடிந்துவிடுகிறது. போதாததற்கு, படமாக அனுப்பும்போது எக்ஸிஃப் தகவலும், அதாவது படத்தோடு பதிவாகும் லென்ஸ், அபெர்ச்சர் போன்ற விவரங்களும், கழன்றுவிடும். "எந்த லென்ஸ், என்ன அபெர்ச்சர்?" என்று கேட்டால் எடுத்தவர் நினைவிலிருந்து சொல்வதுதான். லென்ஸைப் பற்றி உருப்படியாகப் பேச வேண்டுமென்றால் படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். முழு அளவும் வரும், எக்ஸிஃபும் வரும். மூலையை நூறு சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்த பிறகு பேசலாம்.

அதைவிட உங்கள் சொந்தப் படங்களே நல்ல சாட்சி. விண்டோஸில் போல்டரை டீடெயில்ஸ் பார்வைக்கு மாற்றி, மேலே உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து ஃபோக்கல் லென்த் (எத்தனை எம்எம்மில் எடுத்தது) பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த படங்களை மட்டும் தனியே எடுத்துவைத்து அதை அடுக்கிப் பாருங்கள். எல்லாப் படங்களையும் சேர்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், ஏனென்றால் பையிலிருந்து கேமராவை எடுத்ததும் லென்ஸ் 18-இல் இருக்கும், நாம் சோம்பேறித்தனமாக அப்படியே அமுக்கிவிடுவோம். பிடித்த படங்கள் 45, 55 பக்கம் குவிந்திருந்தால் 50 உங்களுக்கானது. 24-க்கும் 35-க்கும் நடுவே இருந்தால் குழு என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். எல்லாமே 55-இல் முட்டிக்கொண்டு நின்றால் உங்களுக்கு வேண்டியது தூரத்தை இழுக்கும் 55-250 ஜூம் லென்ஸாகக்கூட இருக்கலாம்.

அடுத்ததாக, கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 50-க்கு அருகே திருப்பி, ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டிவிட்டு ஒரு வாரம் வீட்டில் எடுங்கள். வெளிச்சமும் மங்கலும் தெரியாது, ஆனால் சுவரில் எத்தனை தடவை முதுகு இடிக்கிறது என்பது தெரிந்துவிடும். காசு செலவில்லாத சோதனை இதைவிட வேறு இல்லை.

இடிக்கிறது என்றால் என்ன செய்வது? நிக்கான்காரர்களுக்கு டிஎக்ஸ் 35 எம்எம் எஃப் 1.8 என்று ஒன்று 2009-லிருந்தே இருக்கிறது, கொடுத்துவைத்தவர்கள். கேனன் டிஎஸ்எல்ஆர் பக்கம் அந்த விலையில் அப்படி ஒன்றைக் கேனன் தரவே இல்லை. அதற்குப் பதில் இஎஃப்-எஸ் 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம் இருக்கிறது. ரொட்டி பிஸ்கட் தடிமன்தான். வெளிச்சம் 1.8 அளவுக்கு வராது, ஆனால் ஹாலில் நிற்பவர்கள் அடங்குவார்கள், தெருவிலும் யார் கண்ணையும் உறுத்தாது. நீங்கள் சொன்ன பட்டியலைப் பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான். 50-ஐ அதற்கடுத்து வாங்கினாலும் கெட்டுப்போகாது.

கடைசியில் 50-தான் என்று முடிவெடுத்தால், ஆன்லைனில் பெயரை ஒழுங்காகப் படித்து வாங்குங்கள். உங்களுக்கு வேண்டியது 2015-இல் வந்த இஎஃப் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம். ஆர்எஃப் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் என்று மிரர்லெஸ்ஸுக்கான இன்னொன்றும் உண்டு, அது உங்கள் கேமராவில் மாட்டவே மாட்டாது. நாளைக்கு நீங்கள் ஆர்எஃப் கேமராவுக்கு மாறினால் இஎஃப் லென்ஸை அடாப்டர் போட்டு அதில் பயன்படுத்தலாம், அந்தக் கவலை வேண்டாம். இஎஃப் 50-இன் பழைய "II" வகை செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஃபோகஸ் சத்தம் போடும், 45 சென்டிமீட்டருக்குக் கிட்டே போகவும் விடாது. எஸ்டிஎம் 35 வரை விடும்.

செகண்ட் ஹேண்ட் என்றால், குறிப்பாகச் சென்னை மாதிரிக் கடலோர ஊரில், பூஞ்சையைப் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள். இரண்டு மூடியையும் கழற்றி, கைபேசி டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் படத்தில் ஒன்றும் தெரியாது, வாங்கலாம். மெல்லிய நூல்கள் கிளைவிட்டுப் பரவிய மாதிரி இருந்தால், பாதி விலைக்குத் தருகிறேன் என்றாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.