எருக்குழிப் புழுவைக் கோழிக்குப் போடலாமா, நாமும் தின்னலாமா?

கேள்வி: உச்சிப்புளி பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறது. எருக்குழியைக் கிளறினால் விரல் தடிமனுக்கு வெள்ளைப் புழுக்கள். ஒரு மரத்தின் தண்டுக்குள்ளும் புழு, அதற்குப் போன மாதம் வேரில் மருந்து கட்டினோம். சில நாடுகளில் இதை வறுத்துத் தின்கிறார்களாமே, நாமும் தின்னலாமா? கோழிக்காவது போடலாமா?

பதில்: அண்ணே, இரண்டும் வேறு வேறு புழு. குழியில் இருப்பது காண்டாமிருக வண்டின் புழு, தண்டில் இருப்பது சிவப்புக் கூன்வண்டின் புழு.

தின்கிறார்கள் என்பது உண்மைதான். மலேசியாவின் சரவாக்கிலும் இந்தோனேசியாவின் பப்புவாவிலும் சவ்வரிசிப் பனையை வெட்டிப் போட்டு, அதில் வளரும் கூன்வண்டுப் புழுவை எடுத்துச் சாப்பிடுகிறார்கள். ஜாவாவில் தேக்கு இலையை மொட்டையடிக்கும் புழு கூட்டுப்புழுவானதும் பொறுக்கிக்கொண்டு போய் வறுக்கிறார்கள். நம் ஊரிலும் மழை விழுந்த சாயங்காலம் ஈசல் பிடித்து, இறக்கையை உதிர்த்து அரிசியோடு வறுத்துத் தின்றவர்கள்தானே நாம். நல்ல புரதம், கொழுப்பும் உண்டு. ஆனால் மருந்து படாத இடத்தில் பிடித்ததால்தான் அது உணவு. நீங்கள் மருந்து கட்டிய மரத்துப் புழுவை நீங்களும் தொட வேண்டாம், கோழிக்கும் காட்ட வேண்டாம். இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

குழிப் புழுவைக் கோழிக்குத் தாராளமாகப் போடலாம், குழியில் பூச்சிமருந்து எதுவும் ஊற்றவில்லை என்றால். உயிரோடு இருப்பதை மட்டும் எடுத்துக் கழுவி, கம்பு, குருணையோடு கொஞ்சமாகக் கொடுங்கள். பச்சைப் பூஞ்சணம் பூத்து விறைத்துக் கிடக்கிற புழு கண்ணில் பட்டால் அதைக் குழியிலேயே விட்டுவிடுங்கள், அந்தப் பூஞ்சணம் மற்ற புழுக்களுக்கும் தொற்றிக் கொல்லும், உங்களுக்கு அது வேலையாள் மாதிரி. வீட்டில் யாருக்காவது இறால், நண்டு சாப்பிட்டால் அரிப்பு, தடிப்பு வரும் என்றால் ஈசல்கூட வேண்டாம், அதே ஒவ்வாமை பூச்சியிலும் வரலாம்.

அப்புறம், புழுவைப் பொறுக்குவதால் மட்டும் தோப்பு தப்பாது. காண்டாமிருக வண்டு குருத்தில் போட்ட காயத்தின் வாசனைக்குத்தான் கூன்வண்டு தேடி வந்து முட்டையிடும். அதனால் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உள்பக்கம் உள்ள மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள். எருவை அடிக்கடி கிளறிவிடுங்கள்.

புழு விழுந்த மரம் குருத்து சாய்ந்துவிட்டால் வெட்டி, பிளந்து, எரித்துவிடுங்கள். கட்டையாகத் தோப்போரம் கிடந்தால் அதிலிருந்து வண்டு கிளம்பி பக்கத்துத் தோப்புக்கும் போகும்.