செத்துப்போன காப்புரிமைக்கு 180 பவுண்டா?

கேள்வி: லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். 'ட்விங்கிள் ட்விங்கிள்', ஸ்டீவன்சனின் குழந்தைக் கவிதைகள், ஆஸ்கர் வைல்டின் ஒரு கதை, இவற்றை நானே தமிழாக்கிச் சிறு புத்தகமாக விற்கலாமா? 180 பவுண்டு கொடுத்தால் 'காப்புரிமை அனுமதிச் சான்றிதழ்' வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: பணம் கொடுத்துவிடவில்லையே? பிரிட்டனில் காப்புரிமைக்கு, அதாவது எழுத்துக்கான காப்பிரைட்டுக்கு, அரசுப் பதிவேடே கிடையாது, இல்லாத பதிவேட்டைப் பார்த்து எவர் சான்றிதழ் தருவார்? இப்படி முத்திரை குத்திய தாளோடு என்னிடம் வந்தவர்கள் பலர். எதெல்லாம் உரிமை முடிந்தது என்று அரசாவது ஒரு பட்டியல் போட்டிருந்தால் இந்தத் தரகர்களுக்கு வேலையே இருக்காது, அதையும் செய்ய மாட்டார்கள்.

கணக்கை நீங்களே போடலாம். எழுதியவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டுகள், அவ்வளவுதான். 'ட்விங்கிள் ட்விங்கிள்' ஊர்ப்பாட்டு அல்ல, ஜேன் டெய்லர் 1806இல் வெளியிட்ட கவிதை. அவர் 1824இல் இறந்துவிட்டார். ஸ்டீவன்சன் 1894, வைல்டு 1900. மூன்றையும் தாராளமாகப் போடுங்கள், தமிழாக்கம் உங்களுடையதே.

புத்தகம் வந்த ஆண்டைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். வால்டர் டி லா மேரின் முதல் கவிதைத் தொகுப்பு 1902இல் வந்தது, ஆனால் அவர் 1956 வரை வாழ்ந்தார், அதனால் 2026 டிசம்பர் 31 வரை அதில் கைவைக்கக் கூடாது. நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய பாட்டுக்கு இன்னும் பூட்டு! யாருக்கு லாபமோ.

அப்புறம் ஒரு விஷயம், இதில்தான் எல்லாரும் மாட்டுகிறார்கள். கடையில் வாங்கிய புதுப் பதிப்பின் பக்கத்தை ஸ்கேன் செய்து அப்படியே ஒட்டாதீர்கள். கவிதைக்கு உரிமை முடிந்திருந்தாலும் அந்தப் பக்கத்தின் அச்சமைப்புக்கு, அதாவது எழுத்துகளை அடுக்கிய விதத்துக்கு, தனி உரிமை உண்டு, பதிப்பு வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 25 ஆண்டுகளுக்கு. அதே வரிகளை நீங்கள் தட்டச்சு செய்தால் குற்றமில்லை, படமெடுத்து ஒட்டினால் குற்றம். விசித்திரம்தான், சட்டம் அப்படி. பக்கத்தில் ஓவியம் இருந்தால் ஓவியர் இறந்த ஆண்டையும் தனியாகப் பார்க்க வேண்டும்: 'வின்னி த பூ' கதைகளுக்குப் படம் வரைந்த ஈ. எச். ஷெப்பர்டு 1976இல் இறந்தார், அவர் படங்கள் 2046 முடியும்வரை கிடைக்காது. பள்ளியில் படம் வரையத் தெரிந்த பெற்றோர் யாராவது இருப்பார்களே, அவர்களைக் கேளுங்கள். வரைந்த படத்தைப் புத்தகத்தில் போட்டு விற்கச் சம்மதம் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.