இடப்பக்கம் கோஸ்தான் (ரிவர்ஸ்) எடுத்தால் டிரெய்லர் மடங்குகிறதா?

தம்பி, சுங்கை சிப்புட் ரப்பர் ஆலையில் இடப்பக்கமாகக் கோஸ்தான் எடுக்கும்போது 40 அடி டிரெய்லர் லோரியின் தலையோடு மடங்கிக்கொள்கிறது, பக்கத்திலேயே வடிகால் வேறு என்று கேட்டிருந்தீர்கள். நம் மலேசியாவில் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் இடப்பக்கம் எல்லோருக்கும் குருட்டுப் பக்கம்தான். மனம் தளராதீர்கள்.

பாதி வேலை முன்னே போகும்போதே முடிந்துவிட வேண்டும். ஆலை வாசலைத் தாண்டிப் போய், டிரெய்லரின் பின்பக்கம் ஏற்கெனவே வாசல் பக்கம் சாய்ந்திருக்கும்படி நிறுத்துங்கள். இறங்கி வடிகால் ஓரத்தைக் கண்ணால் பாருங்கள்.

அப்புறம் ஸ்டியரிங்கைக் கொஞ்சமாக வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் இடப்பக்கம் போகும். இடக் கண்ணாடியில் பின்சக்கரம் வெளியே விலகத் தொடங்கியதுமே ஸ்டியரிங்கை இடப்பக்கம் கொண்டுவந்து டிரெய்லரைப் பின்தொடருங்கள். இங்கே தாமதித்தால்தான் மடங்கும். கண்ணாடி முழுக்கக் கண்டெய்னரின் பக்கவாட்டு மட்டுமே தெரிந்து பின்மூலை மறைந்துவிட்டால், உடனே நிறுத்தி முன்னே இழுத்து நேராக்குங்கள். எத்தனை தடவை இழுத்தாலும் சரி, அவமானமே இல்லை.

பின்தொடரும்போது லோரியின் தலை வலப்பக்கம் வீசும். அங்கே மோட்டார் சைக்கிள் நிற்கிறதா என்று பாருங்கள். கெலிண்டானை (லோரி உதவியாளரை) இடக் கண்ணாடியில் தெரியும்படி நிற்கச் சொல்லுங்கள். அவர் கண்ணில் படவில்லையா, பிரேக்கை மிதியுங்கள்.

முதலில் கண்டெய்னர் ஏற்றாத வெறும் டிரெய்லரில் பழகுங்கள், பின்சக்கரம் நன்றாகத் தெரியும்.